தெளிந்த நீரும் தூய நீரும்: உமியும் கரியும் கன உலோகங்களைக் கவரும் விதம்

எம் மருத்துவமனைக்கு வருவோருள் சிலர் மருந்துச் சீட்டுடன் ஒரு புட்டி நீரையும் கொண்டுவருவதுண்டு. பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். சிலவற்றின் அடியில் செம்மை படிந்திருக்கும். சில பளிங்குபோல் தெளிந்திருக்கும். "இதைக் குடிக்கலாமா?" என்பது முதல் வினா. "முருங்கை விதையைப் பொடித்துப் போட்டால் நீரிலுள்ள நஞ்சு போய்விடும் என்கிறார்களே?" என்பது இரண்டாம் வினா. அண்மைக் காலமாக மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "உமி, புளியங்கொட்டைத் தோல், வாழைப்பழத் தோல் ஆகியவற்றைக் கொண்டு ஆலைக் கழிவுநீரிலுள்ள கன உலோகங்களையே நீக்கிவிடலாமாம். அப்படியானால் வீட்டுப் பானையில் அதைச் செய்தால் என்ன?"

சிறுநீரக நோயாளிகளின் இல்லத்தாரே இதை மிகுதியாகக் கேட்கின்றனர். கேட்பதற்குக் காரணமும் உண்டு. கோவிலூர், கொற்றவாளீசுவரர் கோயிலுக்கும் அதன் திருக்குளத்துக்கும் வேதாந்த மடத்துக்கும் பெயர்பெற்ற ஊர். அதே ஊரில் வேதிப்பொருள் ஆலையும் உண்டு. ஆலையும் குளமும் அருகருகே இருக்கும் ஊரில் வாழ்வோர்க்குத் தண்ணீரைப் பற்றிய ஐயம் எழுவது இயல்பே. இவ்வூர் நீரில் இன்ன உலோகம் உளது, இலது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதை ஆய்வுக்கூடம்தான் கூற வேண்டும். உமியும் கரியும் உலோகத்தைக் கவர்வது உண்மையா, உண்மையெனில் அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம். மூன்றாம் வினாவின் முற்பாதி உண்மை. பிற்பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

தேற்றாங்கொட்டை செய்வதும் செய்யாததும்

கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பது நம் முன்னோர் வழக்கம். கலித்தொகையிலேயே இது உவமையாக ஆளப்பட்டிருக்கிறது. செட்டிநாட்டு ஊரணிகளில் மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வரும் நீரைக் குடிநீராக்க இவ்வழக்கம் பெரிதும் உதவியிருக்கும். தேற்றா விதையிலும் முருங்கை விதையிலும் உள்ள சில பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றன. ஒட்டிப் பருத்த துகள்கள் தம் எடையால் அடியில் படிகின்றன. மேல்நீர் தெளிகிறது. துகள்களோடு கிருமிகளுள் ஒரு பகுதியும் கீழே போகிறது.

கன உலோகங்களோ மிதக்கும் துகள்கள் அல்ல. உப்பு நீரில் கரைந்து மறைவதுபோல் அவை அயனிகளாகக் கரைந்திருப்பவை. அவற்றுக்கு மணமில்லை, நஞ்சாகும் சிற்றளவில் நிறமும் சுவையும் தோன்றுவதில்லை. குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரு கிராம் என்று இதனைக் கொள்ளலாம். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டில் ஒரே ஒரு கிராம் காரீயத்தைக் கரைத்தால் அவ்வளவும் வரம்பைத் தொட்டுவிடும். பாதரசத்துக்கு வரம்பு இதனினும் பத்து மடங்கு குறைவு. இந்த அளவைக் கண்ணால் காணவும் நாவால் அறியவும் எவராலும் இயலாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நலம். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால், எஞ்சிய நீரில் உலோகத்தின் செறிவு சற்றே கூடவும் செய்யும்.

உடலுக்குள் நேர்வது

இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவை சிறிதளவு உடலுக்கு வேண்டியவை. காரீயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றுக்கு உடலில் எவ்வித வேலையும் இல்லை. வேலையில்லாதவை வெளியேறிவிடுவதுமில்லை. காரீயம் சுண்ணாம்புச் சத்தைப்போல் நடித்து எலும்பினுள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து, பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை பாதியளவுகூட நீங்காமல் நிற்கும். சப்பான் நாட்டில் சின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்த ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு எலும்புகள் நொறுங்கின. பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள். வலி தாளாமல் அவர்கள் எழுப்பிய ஒலியே நோயின் பெயராயிற்று: இத்தாய் இத்தாய். அந்நாட்டு மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் கடல்மீனின் வழியே மனிதரை அடைந்தது. 1956ஆம் ஆண்டில் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மருத்துவம் செய்ய முடிந்தது குறைவே. உடலுக்குள் சேர்ந்த உலோகத்தைப் பின்னர் எடுப்பதைவிட, ஆலையின் வாய்க்காலிலேயே அதைத் தடுப்பது எத்தனையோ மடங்கு எளிது. உமியும் சிரட்டைக் கரியும் கதைக்குள் வருவது அந்த வாய்க்கால் ஓரத்தில்தான்.

பரப்புக் கவர்தல் எனும் செயல்

பஞ்சு நீரை உள்ளிழுத்துக்கொள்வதை உறிஞ்சுதல் என்கிறோம். ஒரு திண்மப் பொருளின் மேற்பரப்பில் மட்டும் பிற துகள்கள் வந்து ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பர். ஒட்டுவது மேற்பரப்பில் என்றால், பரப்பு மிகுந்த பொருளே நன்றாக வேலைசெய்யும் என்பது விளங்கும். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுக் குறைவான சூட்டில் கரியாக்கி, பின் நீராவியைச் செலுத்திக் கிளர்வூட்டினால், அக்கரியின் உள்ளெல்லாம் நுண்துளைகள் உண்டாகின்றன. வெளியே சிறு வாசல். உள்ளே நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அறை அறையாகச் சுவர்கள் என விரியும் செட்டிநாட்டு வீட்டைப் போன்றது அதன் அமைப்பு. அத்தகைய கரியில் ஒரு கிராமின் உட்சுவர்களை விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும்.

மருத்துவமனையில் இது அன்றாடப் பொருள். தவறுதலாகச் சில மருந்துகளை அளவுமீறி விழுங்கியவருக்கு, உரிய நேரத்தில் வந்தால், இக்கரியை நீரில் குழைத்துக் கொடுப்பதுண்டு. குடலில் மருந்து இரத்தத்துக்குள் செல்லுமுன் கரி அதைப் பற்றிக்கொள்ளும். குருதிச் சுத்திகரிப்புப் பிரிவிலும் சுவருக்கு அப்பால் ஒரு பெரிய கரித்தொட்டி நிற்கிறது. ஒரு முறை சுத்திகரிப்புக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் தேவை. அந்நீரின் குளோரினை முதலில் கரி நீக்கும், அதன்பின் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்புகளும் உலோகங்களும் நீக்கப்படும். 1970களில் மேனாடுகளில் நீரில் இருந்த அலுமினியம் சுத்திகரிப்பின் வழியே நோயாளிகளின் மூளையைத் தாக்கியது அறியப்பட்ட பிறகே, இந்நீருக்குக் கடுமையான வரம்புகள் வகுக்கப்பட்டன. சிறுநீரக நோயாளியின் வீட்டார் நீரைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படுவதில் பொருளுண்டு என்று மேலே கூறியது இதனால்தான்.

இங்கே ஒரு வியப்பு. நஞ்சு முறிக்கும் அதே கரி, இரும்புச் சத்து மாத்திரையை அளவுமீறி விழுங்கிய குழந்தைக்கும், காரீயமோ லித்தியமோ உட்கொண்டவருக்கும் ஏறத்தாழப் பயனற்றது. மருத்துவ மாணவர்க்குத் தேர்வில் கேட்கப்படும் வினா இது. காரணம் எளிது. கரியின் சுவர் எண்ணெய்த் தன்மை சார்ந்த பெரிய மூலக்கூறுகளை விரும்பும். மின்னேற்றம் கொண்ட சிறிய உலோக அயனிகள் அதன் மேல் நிற்பதில்லை. அயனியைப் பிடிக்க எதிர்மின்னேற்றம் கொண்ட பிடிமானம் வேண்டும். கால் ஏக்கர் பரப்பிருந்தும் பிடிமானம் இல்லையேல் பயனில்லை.

அந்தப் பிடிமானம் உமியிலும் மரப்பட்டையிலும் பழத்தோலிலும் இயற்கையாகவே உண்டு. தாவரச் செல்லின் சுவரிலுள்ள செல்லுலோஸ், லிக்னின், பெக்டின், துவர்ப்புத் தரும் டானின் ஆகியவற்றில் அமிலத் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் முன்பே ஹைட்ரஜனோ கால்சியமோ அமர்ந்திருக்கும். காரீய அயனி வந்ததும், பேருந்தில் ஒருவர் இறங்க மற்றவர் அமர்வதுபோல், பழையது எழுந்து புதியது அமர்கிறது. அயனிப் பரிமாற்றம் என்பது இதற்குப் பெயர். குருதியில் பொட்டாசியம் மிகுந்தவர்க்கு நீரில் கலந்து குடிக்கத் தரப்படும் பழுப்பு நிறப் பொடியும் இதே வேலையைத்தான் குடலுக்குள் செய்கிறது: கால்சியத்தை விட்டுப் பொட்டாசியத்தைப் பிடிக்கிறது.

எது எதைப் பிடிக்கும்

நெல் உமி, மரத்தூள், வேப்பம்பட்டை, தேங்காய் நார்த்தூள், புளியங்கொட்டைத் தோல், நிலக்கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு எனப் பல பொருள்களை உலகெங்கும் ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். இவற்றுள் பெரும்பான்மை நம் நாட்டில் விலையின்றிக் கிடைப்பவை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் விலை சற்றே கூடியது; ஆயினும் அதன் பிடிமானம் வலியது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வீட்டுச் சுவருக்கு வெட்டியெடுக்கும் செம்புறாங்கல்லும் இப்பட்டியலில் உண்டு. அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஆர்சனிக்கைப் பற்றக்கூடியவை.

ஆனால் உமி எல்லா உலோகத்தையும் எல்லா நீரிலும் பிடிக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நீரின் புளிப்புத் தன்மை இங்கு எசமானன். காரீயமும் செம்பும் காட்மியமும் நேர்மின்னேற்றம் கொண்டவை. நீர் மிகப் புளித்திருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே எல்லா இருக்கைகளையும் பிடித்துக்கொள்ள, உலோகம் நின்றுகொண்டே போய்விடும். புளிப்புக் குறைந்த நீரில்தான் அவை அமரும். ஆறிணைதிறன் குரோமியமோ நேர்மாறானது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின்னேற்றத்தோடு திரிவதால், புளித்த நீரில்தான் மரத்தூளும் புளியங்கொட்டைத் தோலும் அதைக் கவரும். அங்கேயும் அது வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. தாவரப் பொருள் குரோமியத்துக்கு எலெக்ட்ரான்களை ஈந்து, கொடிய ஆறிணைதிறன் வடிவத்தை, நஞ்சு மிகக் குறைந்த மூவிணைதிறன் வடிவமாக மாற்றிவிடுகிறது. வெறும் மரத்தூள் செய்யும் இவ்வேலை எம்போன்றோர்க்கு இன்றும் வியப்புத் தருவது.

இராணிப்பேட்டை

இவ்வேதியியல் ஏட்டளவில் நிற்பதன்று என்பதை அறிய வேலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடு வரை குரோமிய உப்புகளைச் செய்தது. தோல் பதனிடுவோர்க்கு அவை இன்றியமையாதவை. ஆலை மூடப்பட்டபோது வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. மழைதோறும் அதிலிருந்து கரைந்த ஆறிணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. அவ்விடத்து நீர் மஞ்சள் நிறமாகவே இருந்தது. இவ்வளவு செறிந்தால்தான் குரோமியம் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் நினைவிற் கொள்க. அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையின் பெயர் இருந்தது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் கழிவைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடுகள் இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றிய தீர்ப்பு அது. பெரிய ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் பெரும்பாலும் சுண்ணாம்பை இட்டு உலோகத்தைச் சேறாகப் படியவைக்கின்றன. செறிந்த கழிவுக்கு இம்முறை ஏற்றது. ஆனால் கடைசியாக எஞ்சும் சில மில்லிகிராம்களைப் படியவைப்பது கடினம். அதற்கு உயர்விலைப் பிசின்கள் வேண்டும். மின்முலாம் பூசும் சிறு பட்டறை வைத்திருப்பவர், ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் கழிவுநீருக்காக அவ்வளவு முதல் போடமாட்டார். இரவில் சாக்கடையில் விட்டுவிடுவதே அவருக்கு எளிது. அத்தகையோர்க்கு உமியும் மரத்தூளும் கையெட்டும் தூரத்தில் உள்ள தீர்வு. ஆய்வாளர்கள் மலிவான பொருள்களைத் தேடியதன் நியாயம் இதுவே.

காரைக்குடிக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953 சனவரி 14இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம் மக்கள் வாக்கில் சிக்ரி, முலாம் பூசும் கலையை ஆராய்ந்ததோடு, அத்தொழிலின் கழிவுநீரையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. மின்னோட்டத்தால் இரும்பு அல்லது அலுமினியத் தகட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அதனால் உண்டாகும் பஞ்சு போன்ற திரளில் உலோகங்களை ஒட்டவைத்துப் பிரிக்கும் முறை அங்கு விரிவாக ஆராயப்பட்டது. அதுவும் ஒருவகைப் பரப்புக் கவர்தலே. கவரும் பொருள் அங்கேயே, அந்நேரத்திலேயே பிறக்கிறது என்பதே வேறுபாடு.

பானைக்கு ஏன் ஆகாது

இனி அந்தப் பிற்பாதிக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, ஒரு கிராம் உமி 20 மில்லிகிராம் காரீயத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரீயம் உள்ள ஆலைக் கழிவுநீரில் ஒரு கிலோ உமி, ஏட்டுக் கணக்கில், 2,000 லிட்டரைச் சுத்தம் செய்யும். கிணற்று நீரிலோ காரீயம் இருந்தால் அது நூறில் ஒரு பங்கு மில்லிகிராம் என்னும் அளவில்தான் இருக்கும். அதே நீரில் கால்சியம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருப்பது நம் பகுதியின் கடின நீருக்குப் புதிதன்று. ஒரு காரீயத்துக்குப் பல்லாயிரம் கால்சியம் வரிசையில் நிற்கின்றன. இருக்கை யாருக்குக் கிடைக்கும்? ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் காரீயத்தைக் கரைத்து நடத்திய சோதனையின் எண்ணைக் கண்டு நம் கிணற்றையும் அவ்வாறே கருதுவது இங்குதான் பிழைபடுகிறது.

அடுத்து, இருக்கைகள் நிரம்பிய பின் என்ன நேரும் என்பது. ஆலையில் உமித் தம்பத்தின் அடியில் வெளிவரும் நீரை மணிக்கொரு முறை அளப்பர். உலோகம் தலைகாட்டியதும் தம்பத்தை மாற்றுவர். வீட்டில் அதை யார் அளப்பது? நிரம்பிய உமியின்மேல் சிறிது புளித்த நீர் பட்டால், முன்பு பிடித்து வைத்திருந்த உலோகத்தை அது ஒரே நாளில் திருப்பித் தந்துவிடும். பத்து நாள் காத்தது பதினோராம் நாள் கெடுக்கும். போதாதற்கு, ஊறிய உமியும் முருங்கைப் பொடியும் நீரில் கரிமப் பொருளை விடுவதால், ஓரிரு நாளில் கிருமிகள் பெருகி நீர் நாற்றமெடுக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அந்த நீர் உலோகத்தைவிட விரைவில் தீங்கு செய்யும்.

மூன்றாவது, பயன்படுத்திய உமி. அது இப்போது உமியன்று, நஞ்சுக் கழிவு. 2016ஆம் ஆண்டின் தீங்கு தரும் கழிவுகள் மேலாண்மை விதிகளின்கீழ் ஆலைகள் அத்தகையதைக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான புதைகுழிக்கு அனுப்ப வேண்டும். அதை அடுப்பில் எரித்தால் உலோகம் சாம்பலிலும் புகையிலும் சேரும். தோட்டத்துக்கு எருவாக இட்டால் கீரையில் ஏறும். மலிவானது என்று புகழப்படும் இம்முறையின் செலவு இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இதனைக் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் கடந்துவிடுவது எமக்கு நிறைவளிப்பதில்லை.

அப்படியாயின் வீட்டுக்கு ஏற்ற பரப்புக் கவரும் பொருளே கிடையாதா எனில், உண்டு. ஆனால் அவை அதற்கென்றே வடிவமைத்து, அளந்து, மாற்றும் காலம் குறித்து வழங்கப்படுபவை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் கைட்டோசானில் இரும்பு ஆக்சைடின் மீநுண் துகள்களைப் பதித்துச் செய்த பொருள், ஆர்சனிக் மிகுந்த வட மாநில ஊர்களில் பயன்பட்டு வருகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. செம்புறாங்கல்லைப் பக்குவப்படுத்தி மேற்கு வங்கத்துக்கான வடிகட்டியைச் செய்தது. வங்காள தேசத்துக்காக அபுல் உசாம் உருவாக்கிய இரும்பு வடிகட்டி 2007இல் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றது. மூன்றிலும் மூலப்பொருள் மலிவானதே. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் உலோகத்துக்கென, ஓர் இடத்து நீருக்கென, பல்லாண்டு சோதித்துச் செய்யப்பட்டது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை

உடலில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றுவதாகக் கூறிக் கரிப் பொடியையும் மூலிகைச் சாறுகளையும் சிலர் விற்கின்றனர். கரி உலோகத்தைப் பிடிக்காது என்பதை மேலே கண்டோம். ஆனால் தாங்கள் அன்றாடம் உண்ணும் மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். வலிப்பு மருந்தும் இதய மருந்தும் அவ்வாறு வீணாவது உயிருக்கே தீங்கு. சில மூலிகைச் சாறுகளில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரக நோயாளி அதைத் தொடலாகாது. உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் உண்மையான மருந்துகள் உண்டு. குருதிச் சோதனையில் அளவு உறுதியான பின்னரே, மருத்துவர் மேற்பார்வையில் அவை தரப்படும். ஏனெனில் அவை உடலுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்தே இழுத்துச் செல்லும்.

நீரைப் பற்றியல்லாது பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. தூய வெள்ளீயத்தால் தீங்கில்லை. காரீயம் வேறு. இரண்டையும் ஈயம் என்ற ஒரே பெயரால் அழைப்பதும், மலிவுக்காகக் காரீயம் கலப்பதும் குழப்பத்துக்கு இடமாகின்றன. புளி சேர்த்த இரசம் காரீயத்தை எளிதில் கரைக்கும். பாட்டி காலத்துச் சொம்பாயினும், புதிதாகப் பூசிய பாத்திரமாயினும், தூய்மை உறுதியில்லையேல் புளிச்சமையலுக்கு அதைத் தவிர்ப்பது நன்று. இரத்தத்தில் காரீயம் உயர்ந்திருப்பவரின் வீட்டில் கிணற்றைச் சோதிக்குமுன் அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்பது எம் வழக்கம்.

நீரில் உலோகம் இருப்பது சோதனையில் உறுதியானால், எதிர்ச் சவ்வூடு பரவல் முறைக் கருவி, அதாவது ஆர்.ஓ., அதைப் பெருமளவு குறைக்கும். சவ்வை உரிய காலத்தில் மாற்றுவது கட்டாயம். கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உலோகம் செறிந்திருக்கும் என்பதால் அதைச் சமையலுக்கோ மாட்டுத் தொட்டிக்கோ பயன்படுத்த வேண்டாம். வெறும் கரிக்குழல் மட்டும் கொண்ட வடிகட்டி மணத்தையும் குளோரினையும் நீக்கும். கன உலோகத்துக்கு அதை நம்பியிருத்தல் கூடாது.

சோதனைக்கு வருவோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப்பரிசோதனைக் கூடம் மாவட்டந்தோறும் உண்டு. வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், இரும்பு முதலியன பார்க்கப்படும். காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றைத் தனியே கேட்க வேண்டும். அங்கு இயலாதெனில் அவர்களே வேறு கூடத்தைக் கூறுவர். இங்கு தாங்கள் கொண்டுவரும் குளிர்பானப் புட்டி நீரை எம்மால் சோதிக்க இயலாமைக்குக் காரணம் அலட்சியமன்று. உலோகச் சோதனைக்கான குடுவையைக் கூடத்தாரே தருவர். அதனடியில் சில துளி அமிலம் இருக்கும். அதை அழுக்கென்று எண்ணிக் கழுவிவிட வேண்டாம். கையிலும் படவிட வேண்டாம். கிணற்று மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் நீரைப் பிடித்து, மூடி, நாள், நேரம், இடம் எழுதி ஒப்படைக்கவும். வீட்டுக் குழாயின் மேல் ஐயமிருந்தால், இரவு முழுதும் தேங்கிய நீரின் காலை முதற்பிடியைத் தனிக் குடுவையில் எடுக்கவும்.

அமிலம் எதற்கு என்று கேட்போர்க்கு: நீரில் கரைந்த உலோகம் குடுவையின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உமியில் நடந்த அதே பரப்புக் கவர்தல்தான். அவ்வாறு ஒட்டிவிட்டால் சோதிக்கும் நீரில் உலோகம் இல்லை என்று விடை வரும். அமிலம் சுவரின் இருக்கைகளையெல்லாம் முன்னதாகவே பிடித்து, உலோகத்தை நீரிலேயே நிறுத்தி வைக்கிறது.